லுவால்ஹாத்தியின் தோற்போர்

வாழ்க லுவால்ஹாத்தி! பத்தாங்காஸ் துறைமுகத்தில், கப்பல்கள் வந்து முட்டும் பாலத்துக்கு எதிரே நிற்கும் பயணக் கப்பல் கம்பெனியின் சரக்குப் பிரிவை, சன்னலோரத்து மேசை ஒன்றையே தலைநகராகக் கொண்டு ஆளும் தனிப்பெருந்தலைவி வாழ்க! பத்து விரலையும் பத்துப் படைத்தலைவராக விசைப்பலகைமேல் நிறுத்தியவள். திரையில் உள்ளதை வாய்விட்டுச் சொல்லும் திரைவாசிப்பான் என்னும் பாணனை, மழைக்காலக் கொசுக்கூட்டம் இரைவதுபோன்ற வேகத்தில் பாடவைத்து, அப்பாட்டில் ஓர் எழுத்தும் சிந்தாமல் செவியால் பருகுபவள். பிறந்தது முதல் கண் காணாதவள் ஆயினும், மிந்தோரோத் தீவுக்குப் போகும் வெங்காய மூட்டைகளில் ஒன்று குறைந்தாலும் கப்பலை நகரவிடாதவள். மாலைக்குப் பதில் ஹெட்போன் கம்பியைக் கழுத்தில் சூடியவள். மூத்தவர் இளையவர் எல்லாராலும் ‘ஆத்தே லுவி’, அதாவது லுவி அக்கா, என்று விளிக்கப்படுபவள். வறுத்த பன்றித்தோலின்பால் தீராக் காதல் கொண்டவள், வாழ்க, வாழ்க!

காவியத்துக்குக் காப்பு வேண்டும் என்பதால் மின்சாரத்தை வணங்குவோம். மின்சாரமே, ஏனைய நாள்களில் நீ எப்படியோ, அன்று நடுவில் போகாமல் இருந்தாய். அதற்காக உனக்கு எம் முதல் வணக்கம். இரண்டாம் வணக்கம் அன்று மூங்கிலில் ஏறிய பன்றிக்கு.

அப்பன்றியே போருக்கு மூலம். கம்பெனி தொடங்கிய நாளை ஆண்டுதோறும் முழுப்பன்றி வாட்டிக் கொண்டாடுவது அந்நிறுவனத்தின் மரபு. வயிற்றில் எலுமிச்சைப்புல்லும் பூண்டும் அடைத்து, மூங்கில் தண்டில் கோத்து, கரிநெருப்பின்மேல் சுற்றிச் சுற்றி வாட்டப்பட்ட லெச்சோன் வந்திறங்கும்போது, அதன் தோல் செம்பொன் தகடுபோல் மின்னும் என்று கண்ணுள்ளோர் சொல்வர். லுவால்ஹாத்திக்கு மின்னுவதைப் பற்றிக் கவலையில்லை. கத்தியின் முதுகால் தட்டினால் அது எழுப்பும் ‘டக்’ என்னும் ஓசை, கடித்தால் மண்டையோட்டுக்குள்ளேயே எழும் அந்த நொறுங்கொலி, அதுவே அவள் வேண்டிய வீடுபேறு.

ஆனால் அந்தோ! ஆண்டுதோறும் அன்பு அவளுக்குக் குறுக்கே நின்றது. “நீங்க உக்காருங்க ஆத்தே, நான் எடுத்துட்டு வர்றேன்” என்று யாராவது ஒருவர் ஓடுவார். தட்டு வரும், சோறு இருக்கும், விலாவெலும்பு இருக்கும், வெள்ளைக் கொழுப்பு இருக்கும். தோல் இராது. “தோல் தீந்துடுச்சு ஆத்தே” என்பார் கொண்டுவந்தவர். அவர் நடந்துவரும்போதே எழுந்த நொறுங்கொலி அவள் காதில் விழாமல் இல்லை. எனினும் அன்பின் பேரில் வழக்குத் தொடுப்பது எப்படி?

போன ஆண்டு தோலுக்காகக் கணக்குப் பிரிவும் பயணச்சீட்டுப் பிரிவும் கைகலந்து, ஒரு மின்விசிறி உடைந்தது. ஆகையால் இவ்வாண்டு நிர்வாகி ரெமெடியோஸ் அம்மையார், ‘மேம் ரெமி’ என்னும் பெயரால் மூன்று மாடிகளையும் நடுங்கவைப்பவர், ஓர் ஆணை பிறப்பித்தார்: பன்றியின் உறுப்புகள் யாவும் புதிய அலுவலக மென்பொருளில் கட்டம் கட்டமாகப் போடப்படும்; வேண்டியதில் அவரவர் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும்; பெயருள்ளவருக்கே பண்டம்.

அதைக் கேட்டு லுவால்ஹாத்தியின் உள்ளம் கடல்போல் பொங்கியது. “என் பேரை நானே எழுதினா, அது என்னோடது. யாரும் எடுத்துட்டு வர வேணாம், யாரும் வழியில கடிக்கவும் வேணாம்” என்று அவள் பக்கத்து மேசைக்குக் கேட்கும்படி முழங்கினாள்.

பக்கத்து மேசையில் இருந்தவன் கிறிசான்ட்டோ. கணக்குப் பிரிவின் களிறு. குடம் கவிழ்த்தன்ன வயிற்றினன். சுண்டெலியின் பெயர் தாங்கிய மவுஸ் என்னும் படைக்கலத்தை வலக்கையில் ஏந்தியவன். சென்ற மூன்று விழாக்களில் அன்போடு ஓடிச் சென்று அவளுக்குத் தட்டுக் கொண்டுவந்தவனும் அவனே. அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான்.

அந்த மென்பொருளின் பெயரை இக்காவியம் சொல்லாது. அதை விற்க மணிலாவிலிருந்து வந்தவன் ஏல்மர். தைலம் பூசிய முடியும், தேன் பூசிய நாவும் உடையவன். “ஒரே க்ளிக், மேம்! எல்லாமே ஒரே க்ளிக்!” என்பது அவன் போர்முழக்கம். சோதனைக்காலம் அன்றோடு முடிகிறது. விருந்து முடிந்ததும் மேம் ரெமி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார். திங்கள் முதல் வெங்காய மூட்டை, சிமென்ட் மூட்டை, மோட்டார் வண்டி, ஆடு என்று கப்பலேறும் அனைத்தும் அந்த மென்பொருள் வழியாகவே ஏறும்.

“சார், இது என் மெஷினோட பேசுமா?” என்று லுவால்ஹாத்தி அவனை முன்பே கேட்டிருந்தாள்.

“நிச்சயமா ஆத்தே. எல்லாரோடயும் பேசும்.”

அவன் பொய் சொல்லவில்லை. கேட்டுப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அவளோ அந்தப் பதிலை நெஞ்சில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். இதற்கு முன் அவள் வேலை பார்த்த கம்பெனியிலும் இப்படித்தான் ஒரு புது மென்பொருள் வந்தது. அது அவளோடு பேசவில்லை. யாரும் அவளை நீக்கவில்லை, யாரும் கடிந்து பேசவில்லை. உறைகளில் தபால்தலை ஒட்டும் வேலையைக் கொடுத்து ஒரு மூலையில் உட்காரவைத்தார்கள். சம்பளம் வந்தது, காப்பி வந்தது, “பாவம் லுவி” என்ற சொல்லும் காப்பியோடு வந்தது. ஒரு மழைக்காலம் முழுதும் அவள் நாக்கில் பசையின் சுவை இருந்தது. ஆகவே இன்று அவள் தேடிப் புறப்பட்டது தோல் ஒன்றைத்தான் என்று எண்ணுவோர் அவளை அறியார். ஆனால் தோலையும் தேடினாள். அதில் ஐயம் வேண்டாம்.

மேம் ரெமி மணியடித்தார். முரசு முழங்கிற்று என்று கொள்க. தும்பைப்பூச் சூடிய இருபெரும் படைகள் ஒரே நேரத்தில் களம் புகுவதுபோல், அலுவலகம் முழுவதும் பட்டியலைத் திறந்தது.

ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவவைக்கும் டேப் விசையை லுவால்ஹாத்தி தட்டினாள். பாணன் வாய் திறந்தான்.

“பொத்தான்.”

மீண்டும் தட்டினாள். “பொத்தான்.” மீண்டும். “பொத்தான்.” தட்டத் தட்டப் பொத்தான், ஊரில்லை, பேரில்லை, குலமில்லை, கொடியில்லை, முகமூடி அணிந்த கள்வர் கூட்டம்போல் வரிசை வரிசையாக நின்றன அந்தப் பெயரிலிப் பொத்தான்கள். கண்ணுள்ளோர்க்கு ஒவ்வொன்றின் மேலும் ஒரு குட்டிப்படம் உண்டு. படத்துக்குப் பின்னால் ஒரு சொல்லும் எழுதிவைக்க அதைக் கட்டியவர் மறந்துவிட்டார். சொல் இல்லாத இடத்தில் பாணன் எதைப் பாடுவான்?

வீரர்க்கு அழகு அஞ்சாமை. அவள் ஒன்றை அழுத்தினாள். பக்கத்து மேசையில் ‘டிங்’ என்றது.

“ஆத்தே…” என்றான் கிறிசான்ட்டோ, குரல் தழுதழுக்க. “எனக்கு இதயம் அனுப்பியிருக்கீங்க.”

“அது உங்களுக்கு இல்ல கூயா” என்றாள் அவள்; கூயா என்றால் அண்ணன்.

“என் பேருக்குத்தான் வந்திருக்கு. செவப்பா, துடிச்சிக்கிட்டு இருக்கு.”

“என் இதயத்துல பன்னிக்கு மட்டும்தான் இடம். அதை அழிச்சிட்டு வேலையப் பாருங்க.”

அடுத்ததை அழுத்தினாள். அந்தோ, அது காணொளி அழைப்பு! மூன்று மாடிகளின் எல்லாத் திரைகளிலும், மலைக்குகை இரண்டு அருகருகே இருப்பதுபோல், லுவால்ஹாத்தியின் மூக்குத்துளைகள் பேருருக் கொண்டு தோன்றின.

“லுவி! என்னை எதுக்குக் கூப்பிடற?” என்று மேம் ரெமியின் குரல் அறைக்குள்ளிருந்து இடித்தது.

“நான் கூப்பிடல மேம்! பொத்தான் கூப்பிடுது!”

மூன்றாவதை அவள் அழுத்தவில்லை. ஏனெனில் அதற்குள் ஒரு சாளரம் குதித்துவந்து வழியை மறித்தது. “வருக, வருக! எங்கள் புதிய உலகைச் சுற்றிப் பார்க்கலாமா?” என்றான் பாணன், அச்சாளரத்தின் வாயாக. அவள் எஸ்கேப் விசையை அடித்தாள், போகவில்லை. டேப் தட்டினாள்: “அடுத்து.” மீண்டும்: “அடுத்து.” முன்னே போனாலும் அடுத்து, பின்னே வந்தாலும் அடுத்து. மூடுவதற்கான பெருக்கல்குறி மூலையில் உண்டு. மவுஸ் உள்ளவர்க்கு மட்டுமே அது கதவு, விசைப்பலகைக்கு வெறும் சுவர். வரவேற்பே சிறையான கொடுமையை எந்த நாட்டுக் காவியம் பாடியிருக்கிறது? அவள் மென்பொருளையே மூடித் திறந்தாள். “வருக, வருக!” என்று அது இன்னும் அன்பாகத் தொடங்கியது.

அவ்வேளை கிறிசான்ட்டோவின் மவுஸ் இருமுறை சொடுக்கியது.

“ஆத்தே, நான் ரெண்டு தோல் போட்டாச்சு. உங்களுக்கு என்ன வேணும் சொல்லுங்க, நானே க்ளிக் பண்ணிடறேன். உங்க மவுஸ் எங்க?”

“எங்கிட்ட மவுஸ் கிடையாது. கிட்ட வந்தீங்கன்னா உங்க விரலைத்தான் க்ளிக் பண்ணுவேன்.”

“உதவிதானே பண்றேன்!”

“மூணு வருஷமா நீங்க பண்ண உதவி என் காதுல இன்னும் மொறுமொறுன்னு கேக்குது கூயா.”

அறை ‘ஓ’ என்று ஆர்ப்பரித்தது. கிறிசான்ட்டோ செங்குருதி முகத்தில் ஏறத் தன் ஆசனத்தில் அமர்ந்தான்.

கோட்டையை முற்றுகையிட்ட வேந்தர், மதில் இடியாவிடில் பொறுமையால் வெல்வர். லுவால்ஹாத்தியும் அவ்வாறே ‘அடுத்து’ ‘அடுத்து’ என்று அந்தச் சுற்றுலாவின் எல்லா அறைகளையும் கேட்டுத் தீர்த்து, அதன் கடைசி வாசல் வழியே வெளியேறி, பட்டியலின் நடுவெளியில் போய் விழுந்தாள். விழுந்த இடத்தில் வியப்பு காத்திருந்தது.

“கட்டம், காலி. கட்டம், காலி. கட்டம், காலி.”

எல்லாம் காலியா! அடடா, பன்றி முழுவதும் தனக்கே என்று அவள் ஒரு கட்டத்தில் பெயரை எழுதினாள்.

“ஆத்தே, வால்ல உங்க பேரை எழுதிக்கிட்டிருக்கீங்களே!” என்று எவரோ கூவினர். அறை சிரித்தது.

“சார் ஏல்மர்! எது வால், எது தோல்னு எப்படித் தெரியும்?”

“பக்கத்துல படம் இருக்கு ஆத்தே. எழுதின பேரும் படமாத்தான் விழும். அப்புறம் பச்சைக் கட்டம்னா காலி, செவப்புன்னா போயிடுச்சு. ரொம்ப சுலபம்.”

“எனக்குப் பச்சை மாங்கா தெரியும் சார். செவந்த நண்டுக்குழம்பு தெரியும். பச்சைக் கட்டம் எப்படி இருக்கும்? புளிக்குமா?”



அந்நேரத்தில் கீழே வாசலில் வண்டி வந்து நின்றது. மூங்கில் தண்டோடு பன்றி இறங்கிற்று. அதன் மணம் படியேறி, முதல் மாடியைக் கவர்ந்து, இரண்டாம் மாடியைச் சூறையாடி, மூன்றாம் மாடியில் லுவால்ஹாத்தியின் மூக்கில் வந்து தன் கொடியை நாட்டிற்று. அது கண்டு, அதாவது முகர்ந்து, அவளுக்குள் மறம் மூண்டது. தன் படைக்கலக் கொட்டிலில் நெடுநாள் உறங்கிய ஒரு வேல் அவளுக்கு நினைவு வந்தது. இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால், நின்ற இடத்தின் அணியலங்காரங்களை எல்லாம் பாணன் சொல்லுவான். எழுத்தின் பருமன், கோட்டின் தடிமன், பின்னணியின் நிறம். எவரும் வேண்டாத அந்த வித்தையை அவள் கையிலெடுத்தாள்.

“பின்னணி: செங்கல் சிவப்பு.” நகர்ந்தாள். “செங்கல் சிவப்பு.” நகர்ந்தாள். “செங்கல் சிவப்பு.” களம் முழுதும் பிறர் குருதியே! நகர்ந்தாள், நகர்ந்தாள், விரல்கள் புரவிக் குளம்புகளாய்ப் பாய நகர்ந்தாள். “பின்னணி: நடுத்தரக் கடற்பச்சை.”

நின்றாள். தான் ஒருநாளும் காணாத, இனியும் காணப்போகாத அந்தக் கடற்பச்சையின் பெயர், அவள் செவியில் வெற்றிச்சங்கமாய் ஒலித்தது. பக்கத்துப் படத்துக்கு விளக்கம் இல்லை. கோப்பின் பெயர் மட்டும் இருந்தது. “படம்: முதுகுத்தோல் கடைசி, உண்மையிலேயே கடைசி, புதுசு இரண்டு” என்று பாணன் ஓதினான். எஞ்சியிருந்த ஒரே தோல்! அவள் தன் பெயரை முழுதாக எழுதினாள். இனிச் சேமிக்க வேண்டும். சேமிக்கும் பொத்தான் எது?

“பொத்தான்” என்றான் பாணன், குற்றமற்றவனாக.

ஒன்று இதயம் என்பதை அறிவாள். ஒன்று மூக்கு என்பதை அறிவாள். மூன்றாவதை அழுத்தினாள். ஒரு சிறு சாளரம் எழுந்தது, அதில் என்ன எழுதியிருந்ததோ, பாணன் சொன்னது இவ்வளவே: “பொத்தான். பொத்தான்.” விதியின் கையில் நாணயத்தைச் சுண்டுவதுபோல் அவள் முதலாவதை அழுத்தினாள்.

மூன்று மாடிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் எழுந்தது ஓர் ஓலம். கடலில் நங்கூரம் அறுந்த கப்பலில்கூட அத்தகைய ஓலம் எழுந்ததில்லை. பட்டியல் போய்விட்டது. தோலும் காலும் காதும் கன்னமும், எழுதியவர் பெயர்களும் எழுதாத கட்டங்களும், எல்லாம் அழிந்து, திரையில் வெண்பாழ் ஒன்றே நின்றது.

“என் தோல்!” என்று நெஞ்சிலடித்துக்கொண்டான் கிறிசான்ட்டோ. “ரெண்டு! ரெண்டு தோல் போட்டிருந்தேன்!”

ஏல்மர் வேர்த்து விறுவிறுத்து மேம் ரெமியின் முன் நின்றான். “இது மென்பொருளோட தப்பு இல்ல மேம். பயன்படுத்தினவங்க தப்பு.”

இச்சொல் போரின் போக்கை மாற்றியது. பசித்தவன் சினம் எங்கே திரும்பும் என்று யார் அறிவார்? கிறிசான்ட்டோ எழுந்தான். அவன் எழுந்தபோது நாற்காலியும் உடன் எழுந்து, பிறகு விழுந்தது.

“என்ன தப்பு? ஆத்தே இங்க உக்காந்து இத்தனை வருஷத்துல ஒரு ஆட்டைக்கூட தப்பான கப்பல்ல ஏத்தினதில்ல. உங்க சாமானை இன்னிக்குத் திறந்து அரை நாள் ஆகல, எனக்கு இதயம் வருது, என் தோல் போகுது!”

லுவால்ஹாத்தி கை உயர்த்தினாள். அவள் காது மடல்கள் எரிந்துகொண்டிருந்தன. ஊரார் தோலையெல்லாம் ஒரு விரலால் துடைத்தவள் அல்லவா; வெட்கம் ஒரு பக்கம், மூலையும் பசையும் உறைகளும் மறுபக்கம் அவளை நெருக்கின. ஆயினும் குரல் உடையவில்லை.

“அழிச்சது நான்தான். மன்னிச்சிடுங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார், நான் அழுத்தின அந்தப் பொத்தான் பேரு என்ன?”

“அது… குப்பைத்தொட்டி படம் போட்டிருக்கும் ஆத்தே.”

“படத்தைக் கேக்கல. பேரு.”

“பேரு…” ஏல்மர் தன் மடிக்கணினியைப் பார்த்தான். மீண்டும் பார்த்தான். “பேரு வைக்கல.”

மேம் ரெமி தன் அறையை விட்டு வெளியே வந்தார். அவர் காலணியின் ஓசை கேட்டு ஓலம் அடங்கியது. “எழுந்திரு லுவி. நான் பாக்கறேன்” என்று அவர் அவள் அரியணையில் அமர்ந்தார். “திரையைப் போடு.”

“அது எரியாது மேம். நான் துண்டு காயப்போடத்தான் வச்சிருக்கேன்.”

துண்டு அகற்றப்பட்டது, பின்னால் இருட்டே இருந்தது. மேம் ரெமி ஹெட்போனை அணிந்தார், அணிந்தவுடன் கழற்றினார். “இது என்ன, கொசுவா?”

“என் வேகம் மேம். உங்களுக்காகக் குறைக்கறேன்.” அவள் பாணனைத் தாலாட்டின் வேகத்துக்கு இறக்கினாள்.

மூன்று மாடிகளை நடுங்கவைத்த விரல், நடுங்கி நடுங்கி டேப் தட்டிற்று. “பொத்தான்… பொத்தான்… பொத்தான்…” மேம் ரெமியின் நெற்றி சுருங்கியது. ஒன்றை அழுத்தினார். “என்ன ஆச்சு?” என்றார். இன்னொன்றை அழுத்தினார். எல்லாத் திரைகளிலும், மணிலாவில் மதியவுணவின் நடுவே ஒரு முட்டையை வாய்க்கு அருகே பிடித்தபடி, கம்பெனியின் பெருமுதலாளி தோன்றினார்.

“ரெமி?” என்றார் அவர். “எனக்கு எதுக்கு இதயம் அனுப்பின?”

மேம் ரெமியின் முகம் லெச்சோன் தோலின் நிறத்தை எய்தியது என்று பின்னர் லுவால்ஹாத்திக்குச் சொல்லப்பட்டது. “கம்பெனி பிறந்தநாள் வாழ்த்துகள் சார்!” என்று அவர் இருட்டுத் திரையை நோக்கிக் கூவி, கம்பியையே பிடுங்கினார்.

பிறகு அவர் எழுந்துநின்று ஆணையிட்டார். “சார் ஏல்மர், கேளுங்க. இந்தப் பொத்தானுக்கெல்லாம் பேரு வர்ற வரைக்கும் கையெழுத்து கிடையாது. லுவி சரின்னு சொல்லணும். பட்டியல் மறுபடியும் இதுலயேதான் போடணும். பட்டியல் இல்லாம வெட்டினா போன வருஷம் மாதிரி மின்விசிறி உடையும். அதனால அதுவரைக்கும் பன்னிமேல ஒருத்தரும் கை வைக்கக் கூடாது!”

ஆகா, அவ்வாணையின் ஆற்றலை என்னென்பேன்! கண்ணில்லாதோர்க்குக் கணினி பேசவேண்டும் என்று அதுவரை கனவிலும் எண்ணாத கணக்கரும் காசாளரும், பயணச்சீட்டு விற்போரும் பாரம் தூக்குவோரும், பசி என்னும் பேராசான் கற்பித்த ஒரே நொடியில் அந்த அறத்தின் காவலராய்க் கிளர்ந்தெழுந்தனர். லுவால்ஹாத்தியின் மேசையைச் சுற்றி வட்டமிட்டனர். ஏல்மர் மணிலாவில் இருந்த தன் பொறியாளனைத் தொலைபேசியில் பிடித்தான்.

“ஒரு பொத்தானுக்குப் பேரு வைக்க எவ்வளவு வேலை?” என்றார் மேம் ரெமி.

ஏல்மர் கேட்டுச் சொன்னான், குரல் தணிந்து. “ஒரு வரி மேம்.”

“ஒரு வரியா!” கிறிசான்ட்டோ தொலைபேசியைப் பறித்தான். “தோல்! சீக்கிரம் எழுதுங்க தோல்!”

உடன்பிறந்தான்போன்ற தோழனை அந்நாட்டார் ‘தோல்’ என்றே அழைப்பர். ஆயினும் அன்று அவன் நாவில் அச்சொல் இருபொருள்பட நின்றது என்பதை, அதில் ஊறிய எச்சிலே காட்டிற்று.

“முதல் பொத்தானுக்கு ‘இதயம் அனுப்பு’ன்னு வைங்க” என்று லுவால்ஹாத்தி தொலைபேசியை நோக்கி ஆணையிட்டாள். “ரெண்டாவது ‘எல்லாரையும் அழை’. குப்பைத்தொட்டிக்கு ‘பட்டியலை அழி’. நிச்சயமான்னு கேக்கற பெட்டியில ‘ஆமா’, ‘வேணாம்’. அந்த ‘வருக’க்கு எஸ்கேப் அடிச்சா போகணும். நிறம் இருக்கட்டும், கூடவே ‘காலி’, ‘எடுத்தாச்சு’ன்னு எழுத்துலயும் போடுங்க.”

“படத்துக்கெல்லாம்?” என்றது தொலைபேசி.

“காதை காதுன்னு சொல்லுங்க, வாலை வால்னு சொல்லுங்க. வேற என்ன இருக்கு!”

“வாலை வால்னு சொல்லு தோல்!” என்று படை முழுதும் எதிரொலித்தது.

வரிகள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் வர, அவள் சோதித்தாள். சரியில்லாததைத் திருப்பியனுப்பினாள். பன்றி கீழே வாழையிலைமேல் காத்திருந்தது. ஈயோட்ட ஆள் நிறுத்தப்பட்டது. கிறிசான்ட்டோ தன் இழுப்பறையிலிருந்த கடைசி பிஸ்கட்டை எடுத்து, ஒரு கணம் போராடி, பாதியை லுவால்ஹாத்தியின் கையில் வைத்தான். “மூணு வருஷத்துக்கு” என்று முணுமுணுத்தான். அவள் அதைத் தின்றாள், மன்னித்ததாகச் சொல்லவில்லை.

பிறகு ஏல்மர், “இப்ப பாருங்க ஆத்தே” என்றான்.

அவள் டேப் தட்டினாள்.

“சேமி, பொத்தான்.”

அவள் விரல் நின்றது. பின்னே போய் மீண்டும் வந்தாள். “சேமி, பொத்தான்.” பாணன் குரலில் எந்த மாற்றமும் இல்லை, வெங்காய மூட்டைக்குச் சொல்லும் அதே குரல். ஆனால் அவளுக்கு, முகமூடிக் கூட்டம் ஒவ்வொருவராய் முகத்திரை விலக்கிப் பெயர் சொல்லிக் கைகுலுக்குவதுபோல் இருந்தது. திங்கள் காலை அவள் முன்னே விரிந்தது: தன் மேசை, தன் ஆடுகள், தன் கப்பல். நாக்கிலிருந்த பசை கரைந்தது. “இன்னொரு தடவை” என்று தனக்குள் சொல்லி, இன்னொரு தடவை கேட்டாள்.

“ஆத்தே, அழுவறீங்களா?” என்றான் கிறிசான்ட்டோ.

“பசி. பட்டியலைத் திறங்க.”

மேம் ரெமி இரண்டாம் முறை மணியடித்தார். அக்கணம் நிகழ்ந்ததைப் பாட ஆயிரம் நா வேண்டும். மவுஸ் ஏந்திய படையெல்லாம் அம்புக்குறியைத் தேடிப்பிடித்து, பட்டியலைக் கண்டு, கட்டத்தைக் கண்டு, குறிவைத்துச் சொடுக்குமுன், பாணனைக் கொசுவின் வேகத்துக்கு முடுக்கிவிட்ட லுவால்ஹாத்தி, வாலைத் தாண்டி, காதைத் தாண்டி, கன்னத்தைக் கடந்து, “முதுகுத்தோல், நடுப்பகுதி, காலி” என்னும் கட்டத்தில் பருந்தெனப் பாய்ந்து, பெயர் பொறித்து, சேமித்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கிறிசான்ட்டோவின் அம்புக்குறி வந்து சேர்ந்தபோது அங்கே “லுவால்ஹாத்தி, எடுத்தாச்சு” என்று எழுதியிருந்தது. அவனுக்கு வால் கிடைத்தது.

“ஆத்தே லுவி வாழ்க!” என்று முழங்கினர் தோற்றோரும் வென்றோரும். மேம் ரெமி கையெழுத்திட்டார்; ஒவ்வொரு புதிய பதிப்பையும் முதலில் லுவியின் காது கேட்கவேண்டும் என்னும் வரியை ஒப்பந்தத்தில் சேர்த்த பிறகே இட்டார். ஏல்மர் அவளிடம் வந்து, தன் கம்பெனியின் மற்ற மென்பொருள்களையும் கேட்டுப் பார்ப்பாளா என்று வினவ, “கூலி பேசலாம் சார், சாப்பிட்ட அப்புறம்” என்று அவள் பெருந்தகையோடு மொழிந்தாள்.

அங்ஙனம் வாகை சூடிய லுவால்ஹாத்தி, எவர் தோளையும் பற்றாமல், வெண்கோலால் படிதோறும் தட்டி, மூன்று மாடிகளின் வாழ்த்தொலி மழையாய்ப் பொழிய, தன் தட்டைத் தானே ஏந்திக் கீழிறங்கி, பன்றியின் முன் நின்று, “முதுகுத்தோல், நடுப்பகுதி, லுவால்ஹாத்தி” என்று தன் உரிமையைப் பறையறைந்து கேட்டு, வெட்டுவோன் பணிந்து வைத்த அந்தச் செம்பொன் தகட்டை இரு விரலால் உயர்த்தி, ஆண்டாண்டாய்ப் பிறர் வாயில் மட்டுமே கேட்ட அந்த நொறுங்கொலியைத் தன் மண்டையோட்டுக்குள் கேட்க உலகமே மூச்சடக்கி நிற்க, பற்களைப் பதித்து ஓங்கிக் கடித்தாள்.

தோல் நமத்துப் போயிருந்தது.